நாச்சியார் தங்கிய ஊரும் உடையாள் கோயிலும்

சகோதரிகளே, குடும்பத்தோடு பழனிக்குப் போகாதவர்கள் நம் கோவைப் பக்கத்தில் இருக்க முடியாது. முடி எடுக்க, காது குத்த, காவடி எடுக்க என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்து விடுகிறோம். ஆனால் பழனியைத் தாண்டி ஒட்டன்சத்திரம் சாலையில் இருக்கிற விருப்பாச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் எத்தனை பேர்? நானும் இறங்கியதில்லை. போன விஜயதசமி கழிந்த மறு வாரம்தான் முதன் முதலாக இறங்கினேன். அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதற்குக் காரணம் காலேஜில் படிக்கும் என் மகள். ஒரு நாள் சாயங்காலம் அவரைக்காய் ஆய்ந்து கொண்டிருந்தோம். நானும், என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நங்கையாவும். மகள் ஒரு புத்தகத்தை வைத்துக் கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஜப்பான்ல ஒரு சீமாட்டி இருந்தாங்களாம். பொம்பளைகளை மட்டும் சேர்த்து ஒரு ஒற்றர் படையே நடத்தினாங்களாம்" என்றாள்.

அந்த அம்மாளின் பெயர் மொச்சிசுகி சியோமே. நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கணவர் ஒரு சிற்றரசர். 1561-இல் கவானகஜிமா என்ற இடத்தில் நடந்த பெரிய சண்டையில் இறந்து போனார். கணவரின் தலைவரான தகேதா ஷிங்கென் என்ற பிரபு, 'ஊர் ஊராகத் துப்பறிய எனக்குப் பெண்கள் வேண்டும்' என்று இந்த அம்மாளைக் கேட்டாராம். அவர் நெசு என்ற கிராமத்தில் இருந்து கொண்டு, சண்டையில் தாய் தகப்பனை இழந்த பெண் குழந்தைகளையும், போக்கிடமில்லாத விதவைகளையும் சேர்த்துப் பழக்கினார். ஊருக்கு அது அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிற இடம். அந்தப் பெண்களோ கோயில் ஊழியம் செய்கிற கன்னிகள் போல வேஷம் போட்டு ஊர் ஊராகப் போய்ச் சேதி கொண்டு வந்தார்கள். சாமி பேர் சொல்லிக் கொண்டு வருகிற பெண்ணை எந்தக் காவல்காரன் மறிப்பான்? அந்தக் காலத்து ஏடுகளில் இதற்குச் சான்று குறைவு என்று ஜப்பானிலேயே ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். இருந்தாலும் அந்த ஊர் ஜனங்கள் கதையை விடவில்லை.

மகள் சொல்லி முடித்ததும், "நம்மூர்ல இந்த மாதிரி ஒருத்தரும் இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் நங்கையா, "ஏன் இல்லாம? சிவகங்கை வேலு நாச்சியார் இல்லையா கண்ணு? அவங்களும் புருஷனைச் சண்டையில குடுத்தவங்கதான்" என்றார்கள். சொல்லிவிட்டு அவரைக்காயைப் பார்த்தபடியே, "நான் கொல்லங்குடிக் காளி கோயிலுக்கு ஒருக்கா போகோணும் அம்மிணி. போயி ஒரு காசு வெட்டிப் போடோணும்" என்றார்கள்.

எனக்குத் திக்கென்றது. கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடுவது என்றால் சாதாரணமில்லை. ஒருவர் தனக்கு அநியாயம் செய்து விட்டார், கேட்பாரில்லை என்று மனம் வெதும்பியவர்கள் செய்கிற பிராது அது.

நங்கையாவின் மனவேதனை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் தவறிவிட்டார். உடுமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். காரியம் முடிந்த மூன்றாம் மாதமே கொழுந்தனார் ஒரு பத்திரத்தைக் கொண்டு வந்து, "பொம்பளை உங்களால தோட்டம் பாக்க முடியாது. கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மாசா மாசம் செலவுக்குக் குடுத்தர்றேன்" என்றாராம். அன்றிலிருந்து கேட்டுக் கொண்டே இருக்கிறார். நங்கையா கையெழுத்தும் போடவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தூக்கம் போய் விட்டது. ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. கல்யாணம், சீர் என்றால் முன்னால் வரமாட்டார்கள். அடுக்களையிலேயே நின்று விடுவார்கள்.

சரி, கொல்லங்குடி போவதுதான் போகிறோம், நாச்சியார் நடந்த வழியாகவே போகலாம் என்று தீர்மானித்தேன். வீட்டுக்காரர் லீவு கிடைக்காது என்றார். "நீங்க ரெண்டு பேருமே போயிட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டார். நானும் நங்கையாவும் மட்டும் கிளம்பினோம்.

விருப்பாச்சியில்

உக்கடத்தில் விடிகாலை பஸ் ஏறினால் பொள்ளாச்சி, உடுமலை தாண்டிப் பழனி. அங்கே மலையடிவாரத்தில் நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒட்டன்சத்திரம் பஸ் பிடித்தோம். வலது கைப் பக்கம் பழனி மலைத் தொடர் கூடவே வருகிறது. ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விருப்பாச்சி.

வாழைப்பழம் வாங்குகிற நம் எல்லோருக்கும் இந்த ஊர்ப் பெயர் தெரியும். விருப்பாச்சி மலை வாழை என்று சின்னச் சின்னதாக, தோல் தடித்து, வாசனையாக இருக்குமே, அதுதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம்தான் உயிர். தண்ணீர்ச் சத்து குறைந்த பழம் என்பதால் பிசைந்து வைத்தால் நீர்விடாது, சீக்கிரம் கெடாது. சாதாரணப் பழத்தில் வீட்டில் பஞ்சாமிர்தம் செய்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். இந்தப் பழத்துக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்து விட்டது. முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் மலைத் தோட்டங்கள் பெரும் பகுதி அழிந்து போயின. அதனால்தான் விலை கூடுதல்.

அந்தக் காலத்து அரண்மனையைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பாளையக்காரராக இருந்த கோபால் நாயக்கருக்கு அரசாங்கம் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, கட்டிக் கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தோம். அங்கேதான் நங்கையாவுக்கு நான் படித்து வைத்திருந்த விவரங்களைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

வேலு நாச்சியார் 1730-இல் இராமநாதபுரம் சேதுபதி அரண்மனையில் ஒரே மகளாகப் பிறந்தவர். ஆண் வாரிசு இல்லாத வீடு என்பதால் சிலம்பம், வாள், வளரி, குதிரையேற்றம் எல்லாம் கற்றுக் கொடுத்து வளர்த்தார்கள். வளரி என்பது பிறை மாதிரி வளைந்த எறி ஆயுதம். உருது உட்படப் பல பாஷைகளும் கற்றார். பதினாறு வயதில் சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார். வெள்ளச்சி என்று ஒரே பெண் குழந்தை.

1772 ஜூன் மாதம். ஆற்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தது. காளையார்கோயிலில் நடந்த சண்டையில் முத்துவடுகநாதர் இறந்து போனார். நாச்சியாருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஏறக்குறைய என் வயது! கையில் பெண் குழந்தை, கூடப் பிரதானி தாண்டவராய பிள்ளையும், பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களும். தப்பி வந்து சேர்ந்த இடம் இந்த விருப்பாச்சி. கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார்.

"எத்தனை நாள் இருந்தாங்க?" என்றார்கள் நங்கையா.

"நாளா? எட்டு வருஷமுங்க" என்றேன்.

நங்கையா கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்துக் கொண்டு யோசித்தார்கள். "எட்டு வருஷம் அடுத்தவங்க ஊர்ல, வயசுக்கு வந்த புள்ளைய வச்சுக்கிட்டு... எப்படித்தான் பொழுது போச்சோ!"

பொழுது போக்கிக் கொண்டிருக்கவில்லை நாச்சியார். வந்த வருஷமே தாண்டவராய பிள்ளையைக் கொண்டு மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுத வைத்தார். 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும் தந்து உதவ வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. அந்தப் பிரதானியும் சீக்கிரமே காலமானார். உதவி உடனே வரவும் இல்லை. ஆனாலும் நாச்சியார் ஆள் சேர்ப்பதை விடவில்லை. சிவகங்கைச் சீமையில் என்ன நடக்கிறது, எந்தக் கோட்டையில் எத்தனை பேர், யார் நம் பக்கம், யார் விலை போனவர் என்று சேதி வந்து கொண்டே இருக்க வேண்டுமே! ஆண்கள் போனால் சந்தேகப்படுவார்கள். பெண்கள் சேதி சுமந்தார்கள் என்று அந்தச் சீமையில் சொல்லுகிறார்கள்.

மண்டபத்துக்கு வெளியே பழம் விற்றுக் கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டு, "நாச்சியாரைப் பாக்கவா வந்தீக தாயி? எம்புட்டுத் தூரத்துலருந்து?" என்றார். கோயமுத்தூர் என்றதும், "அட, எங்க நாயக்கரு உங்க கோட்டைக்கில்ல சண்டைக்கு வந்தாரு!" என்று சிரித்தார்.

உண்மைதான். நாச்சியாருக்கு இடம் கொடுத்த அதே கோபால் நாயக்கர் பின்னாளில் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களைக் கூட்டுச் சேர்த்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கிய முயற்சி அந்தக் கூட்டணியின் வேலை. அது தோற்று, பிடிபட்ட 42 பேருக்குத் தூக்கு. நாயக்கரையும் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். நம் டவுனில் கோட்டைமேடு என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, கோட்டை போய்ப் பெயர் மட்டும் நிற்கிற இடம் அது. அந்த வழியாக எத்தனை தடவை துணி எடுக்கப் போயிருக்கிறேன்! இதெல்லாம் நினைத்தே பார்த்ததில்லை.

திண்டுக்கல் மலையில்

அன்று ராத்திரி திண்டுக்கல்லில் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். காலையில் வெயில் ஏறுமுன் மலைக்கோட்டைக்குக் கிளம்பினோம். மதுரை நாயக்கர் 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி இங்கே தளபதியாக வந்தார். பாறையிலேயே வெட்டிய படிகள்; அகலமாக, ஆனால் வழுக்குகிற மாதிரி. மேலே அம்மன் இல்லாத ஒரு பழைய கோயில், மருந்துக் கிடங்கு, பீரங்கி, நாலு பக்கமும் ஊர். தொல்பொருள் துறை பாதுகாக்கிறது.

நங்கையாவுக்கு முழங்கால் வலி உண்டு. "நான் கீழேயே உக்காந்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தால், கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு பின்னாலேயே வருகிறார்கள்! பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக் கொண்டு, ஒரு மணி நேரத்தில் மேலே வந்து விட்டார்கள்.

மேலே காற்று பிய்த்துக் கொண்டு போனது. நாச்சியார் ஹைதரை நேரில் சந்தித்துப் பேசியதும், அவர் சுத்தமான உருதுவில் பேசக் கேட்டு ஹைதர் அசந்து போனதும் திண்டுக்கல்லில் சொல்லப்படுகிற விஷயம். எனக்கு அதில் ஒன்றுதான் பட்டது. அரசகுமாரியாக இருந்தபோது எப்போதோ கற்ற பாஷை, நாற்பது வயதுக்கு மேல் இன்னொரு ஊரில் கை கொடுத்தது. நம் பெண்களுக்கு எதையாவது கற்றுக் கொடுக்கும்போது "இது எதுக்கு உதவப் போகுது?" என்று கேட்கிறோமே, அதற்கு இதுவே பதில்.

சிவகங்கையில்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம். நம்மூர்த் தென்னையும் மஞ்சளும் பார்த்த கண்ணுக்குச் சிவகங்கைச் சீமை வேறு மாதிரி இருக்கிறது. கருவேல மரம், செம்மண், நடுவே கண்மாய்கள். வெயிலும் வேறு தினுசு. பேச்சும் வேறு, நம் 'ங்க' அங்கே செல்லாது. "வாங்கத்தா, போங்கத்தா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள்.

ஊரில் வேலு நாச்சியாருக்கு நினைவு மண்டபம் 2014-இல் திறக்கப்பட்டது. 2008-இல் தபால் தலையும் வந்தது. மண்டபத்தில் குயிலிக்கும் நினைவுச் சின்னம் இருப்பதைப் பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஏனென்றால் ராணியின் பெயரை ஏடுகள் எழுதி வைத்தன. குயிலியின் பெயரை ஜனங்களின் வாய்தான் காப்பாற்றி வைத்தது.

வழிவழியாகச் சொல்லி வருவது இதுதான். குயிலி சாதாரணக் குடும்பத்துப் பெண். நாச்சியாருக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரே எதிரிக்கு உளவாளியாகி, அவர்களுக்குக் கடிதம் எழுதியதைக் கண்டு பிடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு நாச்சியாரின் பெண்கள் படைக்கே தலைவி ஆனாள்.

1780. ஹைதரின் உதவிப் படையோடு நாச்சியார் திரும்பி வருகிறார். சிவகங்கை அரண்மனை எதிரி கையில். உள்ளே போக வழியில்லை. அரண்மனைக்குள் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது. விஜயதசமி அன்று பெண்கள் மட்டும் உள்ளே போய்க் கும்பிட அனுமதி உண்டு. குயிலியும் தோழிகளும் பூக்கூடை, பழத்தட்டு ஏந்திய பக்தைகளாக வரிசையில் நின்றார்கள். பூவுக்கு அடியில் ஆயுதம். ஆயுத பூஜைக்காகவும், கிடங்கு நிறையவும் வெடி மருந்து குவிந்திருந்த இடத்தைக் குயிலி பார்த்து வைத்தாள். விளக்குக்கு இருந்த எண்ணெயை உடம்பெல்லாம் ஊற்றிக் கொண்டு, தீயை வைத்துக் கொண்டு கிடங்குக்குள் குதித்து விட்டாள். மருந்து போன பிறகு துப்பாக்கிக்கு வேலை ஏது? நாச்சியாரின் படை உள்ளே நுழைந்தது.

ஜப்பான் சீமாட்டியின் கதை எனக்கு இங்கேதான் மறுபடி ஞாபகம் வந்தது. அங்கேயும் கோயில் ஊழியக்காரி வேஷம், இங்கேயும் பூக்கூடை. அங்கேயும் இங்கேயும் காவல்காரர்களின் எண்ணம் ஒன்றுதான்: 'பொம்பளைகள்தானே, சாமி கும்பிட வந்திருக்கிறார்கள், இவர்களால் என்ன ஆகும்?'

அரண்மனை வாசலில் நின்று இதைச் சொன்னபோது நங்கையா கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். "பாவம் அந்தப் புள்ளை. பெத்தவ எப்படித் தாங்கினாளோ" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

கொல்லங்குடியில்

சிவகங்கையிலிருந்து காளையார்கோயில் போகிற சாலையில் கொல்லங்குடி. அங்கே அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளி கோயில். வெள்ளி, செவ்வாய் என்றால் கூட்டம் தாங்காது. நாங்கள் போனது புதன்கிழமை.

இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவள் உடையாள். ஆடு மாடு மேய்த்துக் கொண்டிருந்த சின்னப் பெண். காளையார்கோயிலில் கணவரை இழந்த நாச்சியார் இந்த வழியாகப் போனதைப் பார்த்திருக்கிறாள். பின்னாலேயே வந்த எதிரிச் சிப்பாய்கள், 'ராணி எந்தப் பக்கம் போனாள்?' என்று கேட்டார்கள். தெரியாது என்று பொய் சொல்லவில்லை அவள். 'தெரியும், சொல்ல மாட்டேன்' என்றாள். வெட்டிப் போட்டார்கள். நாச்சியார் தம்முடைய பெண்கள் படைக்கு 'உடையாள் படை' என்று பெயர் வைத்தது இவளால்தான். சீமை திரும்பக் கிடைத்ததும் தம் வைரத் தாலியையே இங்கே காணிக்கையாகக் கொடுத்தார் என்கிறார்கள்.

தரிசனம் முடிந்தது. காசு வெட்டும் இடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு அம்மாள் அழுது கொண்டே வெட்டினார். நங்கையா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்தார்கள். வீட்டிலிருந்தே முடிந்து கொண்டு வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் எனக்கு மனமில்லை; வெட்டுங்கள் என்று சொல்லவும் பயம்.

வரிசை நகர்ந்தது. நங்கையாவின் முறை வந்தது. கொஞ்ச நேரம் காசைப் பார்த்தார்கள். பிறகு பின்னால் நின்ற பெண்ணுக்கு வழி விட்டு நகர்ந்து வந்து விட்டார்கள்.

"என்னாச்சுங்க நங்கையா?"

"அந்தச் சின்னப் புள்ளை 'சொல்ல மாட்டேன்'னு வாயைத் தொறந்து சொல்லிருக்கா. நான் ரெண்டு வருஷமா கொழுந்தனார்கிட்ட 'கையெழுத்துப் போட மாட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னேனா? கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டிருந்தேன். நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லாம, ஆத்தாளைச் சொல்லச் சொன்னா அவ என்னைத்தானே மொதல்ல கேப்பா?" என்றார்கள்.

காசை மறுபடி முந்தானையில் முடிந்து கொண்டார்கள். அங்கிருந்து காளையார்கோயில் போய், காளீஸ்வரர் சந்நிதியில் முத்துவடுகநாதரை நினைத்து ஒரு விளக்கு ஏற்றினோம். மருது சகோதரர்கள் கட்டிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அன்று ராத்திரி மதுரையில் பஸ் ஏறி விடியற்காலையில் கோவை வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகு

வந்த மறுநாள் நங்கையாவே போனை எடுத்துக் கொழுந்தனாரைக் கூப்பிட்டார்கள். "கையெழுத்துப் போட மாட்டேனுங்க. தோட்டத்தை நானே பாத்துக்கறேன்" என்றார்கள். அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ, இவர்கள் கை நடுங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

பிறகு ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனேன். அங்கே தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்ல வேண்டியது என் கடமை. கணவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் கணவரின் தாயார் ஆகியோருக்கு அவருடைய பங்கு சமமாகப் போய்ச் சேரும். இவர்கள் இருக்கும்போது கணவரின் சகோதரர்களுக்கு அதில் உரிமை கிடையாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா இவற்றை முதலில் எடுத்துப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும். படித்துப் புரியாத எந்தக் காகிதத்திலும் துக்கத்தில் இருக்கும்போது கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறார்கள்.

விவகாரம் இன்னும் முடியவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது, கொழுந்தனார் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் தேங்காய் வெட்டுக்கு நங்கையாவே நின்று, எண்ணி, வியாபாரியிடம் விலை பேசினார்கள். இப்போது ராத்திரி தூங்குகிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கிறது, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: இரண்டு முழு நாள் ஒதுக்கினால் விருப்பாச்சி, திண்டுக்கல், சிவகங்கை, கொல்லங்குடி, காளையார்கோயில் எல்லாம் பார்த்து விடலாம். ஐப்பசி மழையில் திண்டுக்கல் மலை ஏறாதீர்கள், பாறை வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் காலையிலேயே ஏறி, இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாக இறங்கவும். சிவகங்கைப் பக்கம் வெயில் அதிகம். தண்ணீரும், உப்புப் போட்ட மோரும் கையில் இருக்கட்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்துக் கொள்ளுங்கள். விருப்பாச்சிப் பழம் வாங்கினால் காயாகப் பார்த்து வாங்குங்கள். வீடு வந்து நாலைந்து நாளில் தோல் சுருங்கிக் கறுக்கும்போதுதான் ருசி. அழுகி விட்டதென்று தூக்கிப் போட்டு விடாதீர்கள்!

வேலு நாச்சியார் சீமையை மீட்டு, சுமார் பத்து வருஷம் ஆண்டு, 1796-இல் காலமானார். தகப்பனார் வீட்டு மரியாதையும் கணவர் வீட்டு மரியாதையும் இருந்த அம்மாள், இரண்டும் இல்லாத எட்டு வருஷத்தில்தான் ராணியானார் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட நின்றவர்கள் குயிலியும் உடையாளும் மாதிரிப் பெண்கள்.

என் மகள் அந்த ஜப்பான் புத்தகத்தை முடித்துவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிலம்பம் பழகப் போகிறாள். முதலில் நான் கொஞ்சம் யோசித்தேன். "போகட்டும் அம்மிணி" என்று சிபாரிசு செய்தது நங்கையாதான்.

வெட்டாத அந்தக் காசு நங்கையாவின் அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்தோடு வெந்தயமாகக் கிடக்கிறது. தாளிக்கிற போதெல்லாம் கண்ணில் படும், அது போதும் என்கிறார்கள்.